கட்டையனுக்கு வயிற்றால் போகிறது

1.

இந்தக் கதை ஒரு வரிசையில் எனக்குக் கிடைத்தது. கல்முனைப் பக்கத்தில் ஒரு மிருக வைத்தியரின் வாசலில், என் பூனையைப் பன்புல்லில் பின்னிய பையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். எல்லோர் கையிலும் ஏதாவது ஓர் உயிர் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கை மட்டும் வெறுங்கை. “என்ன மிருகம்?” என்று வைத்தியர் கேட்டார். அவள் திரும்பி எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஆடு” என்றாள்.

நான் கண்டதில் பாதி இவ்வளவுதான். மீதிப் பாதி பின்னால் வரும். இடையில் உள்ளதெல்லாம் என் கைச்சரக்கு. அவளுக்கு முஸ்பிறா என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2.

(முதல் தொடக்கம்: அந்திக் கடல் சிவந்து கிடந்த வேளையில் முஸ்பிறா… வேண்டாம். நாய் வாந்தியும் சத்தியுமாய்க் கிடக்கும்போது கடல் எதற்கு?)

(இரண்டாவது: முஸ்பிறாவுக்கு நாயென்றால் உயிர்… பச்சைப் பொய். அவளுக்கு நாயென்றால் பயம்.)

இனி ஒழுங்காகத் தொடங்குகிறேன். முஸ்பிறாவின் கணவன் நூஹு ஆழ்கடலுக்குப் போயிருக்கிறான். வீட்டு வளவின் பின்பக்கம் அவனுடைய வலைக் கொட்டில். அதற்குக் காவல் கட்டையன் என்ற குட்டைவால் நாய். போகும்போது நூஹு சொன்னது இதுதான்: “கட்டையனப் பாத்துக்க புள்ள. அதுக்கு வயிறு கூடாது, ஒண்டும் தாங்காது. கண்டதையும் குடுத்திராத.”

அவள் கொடுத்துவிட்டாள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்திருந்தது. சட்டியடியில், இறைவனுக்காக அறுத்த குர்பான் இறைச்சியின் எலும்பும் கொழுப்பும் மிச்சம். குர்பான் எலும்பைக் குப்பையோடு வீச அவளுக்கு மனம் வரவில்லை. வாயுள்ள ஒரு சீவன் தின்றால் நன்மைதானே என்று, மிளகாய்த்தூளும் எண்ணெயும் ஒட்டியிருந்தபடியே ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய எட்டி நின்று வைத்தாள்.*

விடிந்து பார்த்தால் கட்டையன் மஞ்சளாகச் சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தது. வயிற்றாலும் போயிற்று. அவள் தண்ணீர் வைக்கக் குனிந்தபோது அது இழுபட்டு வந்து அவளுடைய பாதத்தில் தலையை வைத்தது. ஈர வாய். நாயின் எச்சில் பட்டால் மண் கரைத்து ஏழு தரம் கழுவ வேண்டும் என்ற மார்க்கச் சட்டம் நினைவில் இருந்தும் அவள் காலை இழுக்கவில்லை. இது செத்துப்போய்விடும் என்று பயந்தாள். தன் கையால்தான் சாகப்போகிறது என்று அதைவிடப் பயந்தாள்.

* எட்டி நின்று வைத்தாள் என்பதைக் கவனியுங்கள். கிட்டப் போயிருந்தால் அது எலும்பை மெல்லாமல் விழுங்குவதை அவளே கண்டிருப்பாள்.

3.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பஸ்னாவின் தலை தெரிந்தது.

“முஸ்பிறா, உங்கட நாய்க்கு வாயால நுரை தள்ளுது. விசர் பிடிச்சிட்டு போல.”

“இல்ல ராத்தா, அதுக்கு வயிறுதான்…”

“ஆருக்குத் தெரியும்? புள்ளைகள் விளையாடுற இடம். பின்னேரம் அசறுத் தொழுகை முடிய, அடிச்சுக் கொல்லப் பொல்லோட வாறமெண்டு எங்கட ஊட்டு மனிசன் சொல்லிட்டுப் போறாரு.”

(பஸ்னாவைக் கெட்டவளாக்க முயன்றேன். முடியவில்லை. அவளுக்கு நடக்கப் பழகும் பிள்ளை இருக்கிறது. அவளும் வெறிநாய்ப் பயத்தில்தான் சொல்கிறாள். இந்தக் கதையில் பயப்படாதவர் என்று யாருமே இல்லை, எழுதுகிறவன் உட்பட.)

முஸ்பிறா அபாயாவை மாட்டிக்கொண்டு, நாயைத் தூக்கப் பயந்து, தான் மட்டும் மிருக வைத்தியரிடம் போக ஓட்டோ பிடித்தாள்.

4.

வரிசையில் அவளுக்கும் எனக்கும் பின்னால், ஒரு கிடாயைப் பிடித்தபடி, அவர்களுடைய பள்ளிவாசல் நிருவாகியான மரைக்கார் நின்றார். (அவரை நிறுத்தியதும் நான்தான். பொய் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.) தொழுகிற வீட்டுப் பெண் நாய்க்கு மருந்து வாங்க வந்த கதை ஊருக்குள் எப்படிப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் ஆடு.

“ஆட்டுக்கு என்ன தங்கச்சி?” வைத்தியர் காரைதீவுக்காரப் பெண்.

“வயித்தால போகுது. சத்தியும் எடுக்குது.”

வைத்தியரின் பேனை நின்றது. “ஆடு சத்தி எடுக்குதா? என்ன திண்டிச்சு?”

“எலும்பு.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து என் பூனை பையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. நான் அதன் பின்னால் ஓடினேன். மூச்சிரைக்க, பூனை இல்லாமல் திரும்பி வந்தபோது அவள் அங்கே இல்லை.

நான் கண்டதில் மீதிப் பாதி இதுதான். மன்னியுங்கள், என்னிடம் முடிவு இல்லை.

5.

முடிவு ஒன்று. ஆட்டு மருந்தை வாங்கிக்கொண்டு முஸ்பிறா வீட்டுக்கு வருகிறாள். கட்டையனின் வாயைத் திறந்து… இல்லை. ஆட்டு வயிற்றுக்கும் ஆட்டு எடைக்கும் கொடுத்த மருந்து அது. இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை.

முடிவு இரண்டு. வைத்தியருக்கு விளங்கிவிடுகிறது. முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொல்கிறார்:

“இந்த ஆட்டுக்கு இண்டைக்குச் சாப்பாடு வேணாம். தண்ணிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வையுங்க. நாளைக்குச் சோத்தக் குழைய அவிச்சு, தோல் எடுத்த கோழி இறைச்சி கொஞ்சம் சேத்துக் குடுங்க. தூள், எண்ணெய் ஒண்டும் வேணாம். எலும்பு கிட்டயும் காட்டக்கூடாது. ரத்தம் போனாலோ, தண்ணியும் தங்காட்டியோ, உடன தூக்கிட்டு வாங்க.”

கோழி தின்னும் ஆட்டைப் பற்றிக் கேட்டதும் மரைக்கார் தன் கிடாயின் வாயை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறார். இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் பொல்லு இருக்கிறதே. வயிறு தேறினாலும் அசறுக்குப் பிறகு கட்டையன் உயிரோடிருக்க வேண்டுமே.

“டொக்டர், அதுக்கு விசர் இல்ல எண்டு ஒரு சொல்லு சொல்லுவீங்களா? அடிக்க வாறாங்க” என்கிறாள் முஸ்பிறா.

“பாக்காம சொல்லேலாது தங்கச்சி. நான் வாறன். வந்து அவங்களோடயும் கதைக்கிறன். ஆனா நீங்க வாயால சொல்லணும், நான் என்ன மிருகத்தப் பாக்க வாறன்?”

இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். என் பூனை ஓடிவிட்டது, நான் அதைப் பிடிக்கப் போக வேண்டும். வரிசையில் என் இடம் காலி. அதில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்.

பதில் சொல்லும் முன், முஸ்பிறா திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.