சர்க்கார் திருப்பி வைத்த கடிகாரம்

உலகத்தில் நடக்கிற பெரிய யுத்தம் போதாதென்று, துறைமுகத்தை ஒட்டிய அந்த ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குள் ஒரு சின்ன யுத்தம் மூண்டது. கண் பிரிவில் ஓர் இடம் காலி. கண் பிரிவு என்றால் சும்மாவா? காலையில் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பலாம். ரத்தம் கிடையாது, கூப்பாடு கிடையாது. உப்பளத்து வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்து வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பினால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேறு. ஆளாளுக்கு மேட்ரனிடம் போய் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மேட்ரன் யாருக்கும் கொடுக்கவில்லை. படிப்பை முடித்து அப்போதுதான் முழு நர்ஸாகியிருந்த செண்பகத்துக்கென்று அதை எடுத்து வைத்திருந்தார். செண்பகம் உடன்குடிக்காரி. புருஷன் மந்திரமூர்த்தி விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது கைக்குழந்தையாக இருந்த சீனித்தாய் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஒண்டியாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்குப் பகல் வேலையைக் கொடுப்பதுதான் நியாயம் என்பது மேட்ரனின் கணக்கு.

"எனக்குப் பிரசவ வார்டு போதும் மேடம். ராத்திரி டூட்டி. எப்பவும் ராத்திரியே" என்றாள் செண்பகம்.

மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ராத்திரிப் பிரசவ வார்டு என்பது யாராவது தப்புச் செய்தால் அனுப்புகிற இடம். அதை ஒருத்தி வாய்விட்டுக் கேட்டு அவர் கண்டதில்லை.

"புரிஞ்சுதான் கேக்குறியா? வீட்டுல சின்னப் பிள்ள இருக்கு."

"அதுக்குத்தான் மேடம். கண் பிரிவுன்னா அவ முழிக்குததுக்கு முன்னால கெளம்பணும், திரும்பி வீடு சேருகையில எம்பிள்ள சோறு தின்னுட்டுச் சொக்கிக்கிட்டு இருப்பா. முழிச்சிருக்கிற பிள்ளைய ஞாயித்துக்கிழமைதான் பாக்க முடியும். ராத்திரின்னா அவ தூங்குதப்ப நான் இங்கன இருப்பேன், முழிக்குதப்ப அங்கன இருப்பேன்."

"அப்போ நீ எப்போ தூங்குவே?"

"அவ பள்ளிக்கூடம் போயிருக்கையில."

மேட்ரன் டூட்டி நோட்டை எடுத்துப் பிரசவ வார்டுக்கு நேரே அவள் பெயரை எழுதினார். செண்பகம் சொல்லாமல் விட்ட காரணம் இன்னொன்றும் இருந்தது. அவளுக்குப் பிரசவ வார்டு பிடிக்கும். வழுக்கிக்கொண்டு வந்து விழுகிற பிள்ளை ஒரு கணம் சத்தமில்லாமல் இருந்து, பிறகு உலகத்தின் மேல் கோபம் வந்ததுபோல் வீல் என்று கத்துமே, அந்தச் சத்தத்துக்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் முழிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். சொட்டு மருந்தில் அந்தச் சந்தோஷம் ஏது?

தூங்குகிற பிள்ளைக்குக் காவலாகப் படுக்க ஆள் வேண்டுமே? அடுத்த வீட்டுப் பிச்சம்மாள் இருந்தாள். உப்பளத்தில் வேலை. தாமிரவருணிக் கரையில் நெல்லு வயலில் பிறந்தவள், கல்யாணம் கட்டி உப்பு வயலுக்கு வந்துவிட்டாள். அவளுடைய மகன்கள் பகலில் விழுந்து வாரி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் செண்பகம் பார்த்துக்கொள்வாள். ராத்திரி சீனித்தாயைப் பிச்சம்மாள் பார்த்துக்கொள்வாள். இரண்டு பேருக்கும் வசதி, இரண்டு பேருக்கும் நிம்மதி.

செண்பகத்தின் அண்ணன் பொன்னுதுரைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. உடன்குடியில் கருப்பட்டி, பனையோலைக் கடை வைத்திருக்கிறவர். தங்கச்சி மேல் உயிர். அந்த உயிரைச் சத்தம் போட்டுத்தான் காட்டத் தெரியும்.

"ஏளா, ஊர் உலகத்துல பொம்பளைங்க பொழுது சாஞ்சா வீட்டுக்கு வாரா. நீ பொழுது சாஞ்சா வேலைக்குப் போறே. செய்யி. ஆனா ஒண்ணு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எம்மருமவ ஆளில்லாம கெடந்தான்னு தெரிஞ்சுதோ, அன்னைக்கே உடன்குடிக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். அங்க அவ அத்தை இருக்கா, வளப்பா. நீ மாசம் ஒருக்க வந்து பாத்துக்கோ."

அவர் சொன்னால் செய்கிறவர். அந்தப் பேச்சைச் செண்பகம் மறக்கவே இல்லை.

ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேல் அப்படி ஒரு நாள் வரவே இல்லை. பொழுது அடைந்ததும் சீனித்தாய் மீன் குழம்புச் சோறு தின்றுவிட்டு, கதை கேட்டபடி பாதியில் தூங்கிப் போவாள். பிச்சம்மாள் வந்து பக்கத்தில் படுப்பாள். செண்பகம் ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளைச் சேலைக்கு மாறுவாள். இருட்டுப் பிரிவதற்கு முன்னால் பகல் நர்ஸ் ஞானதீபம் வந்ததும், மறுபடியும் வீட்டுச் சேலைக்கு மாறிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள். அவள் படியேறுகிற நேரத்தில் பிச்சம்மாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்புவாள். "எந்திரிக்கல" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கை மாற்றல்.

இந்தக் கை மாற்றல் இத்தனை பாந்தமாக அமைந்ததற்குக் காரணம் சர்க்கார் என்பது அவளுக்கு உறைத்ததே இல்லை. யுத்தத்துக்காகச் சர்க்கார் நாட்டிலுள்ள கடிகாரங்களை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. சூரியனுக்கு ஐந்து மணி என்றால் சர்க்காருக்கு ஆறு மணி. பிரசவ வார்டில் அதனால் தினமும் ஒரு கூத்து. பிள்ளை பிறந்ததும் தகப்பன்காரன் ஜாதகத்துக்கு நேரம் கேட்பான். சொன்னால், "சர்க்கார் மணியா சிஸ்டர், பழைய மணியா?" என்பான். செண்பகம் இரண்டையும் சொல்லி அனுப்புவாள்.

யுத்தம் முடிந்தது. ஐப்பசி பிறக்கிற சமயத்தில் ஒரு நாள் ராத்திரி கடிகாரத்தை எல்லாரும் பழையபடி ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்றைக்கு ராத்திரி டூட்டிக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. செண்பகம் பிச்சம்மாளிடம் முன்கூட்டியே சொன்னாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில மட்டும் நான் கொஞ்சம் பிந்துவேன். கடிகாரத்தத் திருப்புதாங்க. ஒரு நாளைக்குத்தான்."

"ஒரு நாளுன்னா சரி. மழை எறங்குததுக்குள்ள உப்பு அம்பாரத்த ஓலை போட்டு மூடணும்னு கங்காணி கிடந்து குதிக்கான்" என்றாள் பிச்சம்மாள். சொன்னபடி மறுநாள் காத்திருந்தாள். பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சும் வாங்கினாள்.

ஒரு நாளைக்குத்தான். இதுதான் செண்பகம் போட்ட கணக்கு. எத்தனை சொட்டு மருந்து, எத்தனை மூச்சுக்கு ஒரு வலி என்று பிசகாமல் எண்ணத் தெரிந்தவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் வரவில்லை. திருப்புகிறது ஒரு நாள்தான். திருப்பின கடிகாரம் நாளைக்கும் அப்படித்தானே ஓடும்! இனி என்றைக்கும் அவள் டூட்டி முடிகிறது சூரியன் எட்டிப் பார்க்கிற நேரத்தில்தான். ஆஸ்பத்திரி கடிகாரத்தைப் பார்க்கும். உப்பளம் வானத்தைப் பார்க்கும். நடுவில் ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அதற்கும் அடுத்த நாள் டூட்டி முடிந்து வெளியே வந்தவளுக்கு முகத்தில் வெளிச்சம் அடித்தது. துறைமுகத்தில் தோணிகளின் பாய்மரம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. இந்த நேரத்தில் இதெல்லாம் இருட்டாக அல்லவா இருக்கும் என்று நினைத்தவள், அடுத்த நொடியே புரிந்துபோய் ஓட ஆரம்பித்தாள்.

வீடு பூட்டிக் கிடந்தது. "சீனி! சீனி!" என்று கதவைத் தட்டினாள். எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "உம்மவளத் தோளுல போட்டுக்கிட்டுப் பிச்சம்மா அளத்துக்குப் போயாச்சே" என்றாள். செண்பகம் அங்கேயிருந்து உப்பளத்துக்கு ஓடினாள்.

அங்கே முதலில் அவள் கண்ணில் பட்டது பிள்ளை இல்லை. ஓலைக்கட்டு ஏற்றிய மாட்டு வண்டி. உப்பை மூடுவதற்கான பனையோலை உடன்குடியிலிருந்துதான் வரும். வண்டிக்குப் பக்கத்தில் மேல்துண்டை உதறித் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தவர் பொன்னுதுரை. இறக்கிய ஓலைக்கட்டின் மேலே, மாமன் கொடுத்த கருப்பட்டியைச் சப்பிக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் சீனித்தாய். பிள்ளையைக் கண்ட நிம்மதியை முந்திக்கொண்டு, அண்ணனைக் கண்ட பயம் செண்பகத்தைப் பிடித்துக்கொண்டது.

"வா தங்கச்சி. நல்லாருக்கா உன் ராத்திரி டூட்டி?" என்றார் அவர். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "விடியுததுக்குள்ள பிள்ள உப்பு வரப்புல. இன்னைக்கு வண்டி வெறுமனேதான் திரும்புது. ஏறட்டும்."

செண்பகம் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதற்குள் உப்புக் கூடையைக் கீழே போட்டுவிட்டுப் பிச்சம்மாள் வந்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி பேச்சு இது? ஆளில்லாம கெடந்தாத் தூக்கிட்டுப் போவேன்னுதான சொன்னீக? பிள்ள ஆளில்லாமயா கெடந்தது? அப்ப நான் என்ன, ஆளில்லையா?"

நியாயம் பேசுகிற மனுஷனுக்கு அவருடைய வார்த்தையையே திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வார்?

பிச்சம்மாள் செண்பகத்தின் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் ஒரு பங்கு வைத்திருந்தாள். "நீங்க மணிய முன்னால தள்ளுவீக, பின்னால இழுப்பீக. எங்களுக்கு விடிவெள்ளிதான் கடிகாரம். வெள்ளி ஒரு பனை உசரம் ஏறிட்டா நான் கிளம்பணும். ஒரு நாளுன்னு சொன்னே, இருந்தேன். இன்னைக்கும் உன்னைக் காணல. தூங்குத பிள்ளைய ஒத்தையில விட மனசு வரல. அதான் தூக்கிட்டு வந்துட்டேன். தெனமும் தூக்கிட்டு வர முடியுமாளா?"

முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும். பொன்னுதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. அடுத்த நடை ஓலை கொண்டுக்கிட்டு வருவேன். அன்னைக்கு நேரா உன் வீட்டுக்குத்தான் வாரேன், விடியுததுக்கு முன்னால. நீ வீட்டுல இருக்கணும். இல்ல, பிள்ள என் வண்டியில."

அன்று செண்பகம் தூங்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே மேட்ரனிடம் போனாள். நடந்ததைக் கேட்டுவிட்டு மேட்ரன், "கண் பிரிவுக்கு வந்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. இடம் மறுபடி காலியாகுது. பேசாம எடுத்துக்கோ" என்றார்.

எடுத்துக்கொண்டால் பிள்ளை வீட்டோடு இருக்கும். அண்ணன் வாயும் அடைந்துவிடும். செண்பகம் ஒரு நிமிஷம் ஆடித்தான் போனாள். பிறகு, சாப்பாட்டுத் தட்டோடு சொக்கி விழப் போகும் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. அது வீட்டோடு இருக்கிற பிள்ளை, தன்னோடு இருக்கிற பிள்ளை இல்லை.

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, வார்டுக்கு ஓடி ஞானதீபத்தைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். சாத்தான்குளத்துக்காரியான ஞானதீபம் கோவிலில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். கிறிஸ்மஸ் பாட்டு ஒத்திகை தொடங்கியிருந்தது. தினமும் டூட்டி முடிந்து அவள் போய்ச் சேரும்போது பாதி ஒத்திகை முடிந்திருக்கும். அதைப் பற்றி அவள் புலம்பாத நாளில்லை.

"காலையில நீ ஒரு மணி நேரம் முன்னால வா. சாயங்காலம் நான் ஒரு மணி நேரம் முன்னால வந்து உன்ன அனுப்பிருதேன். சம்மதமா?" என்று செண்பகம் கேட்டு முடிப்பதற்குள் ஞானதீபம், "சம்மதம், சம்மதம்! அப்போ ஒத்திகையை முதல்லேர்ந்தே பாடலாமே!" என்றாள்.

மேட்ரன் புருவத்தைச் சுருக்கினார். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஒரு நேரம், பிரசவ வார்டுக்கு மட்டும் ஒரு நேரமா? யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?"

"முந்தாநாள் வரைக்கும் இதே நேரத்துக்குத்தான் மேடம் வந்து போனோம். மாறினது கடிகாரம்தான், நாங்க இல்ல. பொறக்குத பிள்ள எந்தக் கடிகாரத்தப் பாத்துப் பொறக்குது?"

மேட்ரன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்கவும் முடியவில்லை.

அடுத்த நடை ஓலையோடு பொன்னுதுரை வந்தார். சொன்னபடியே, கோழி கூவி இருட்டுக் கலையாத நேரத்தில் வண்டியைத் தெருமுனையில் அவிழ்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளேயிருந்து பிச்சம்மாள் தலையில் துணியைச் சுற்றியபடி வெளியே வந்தாள். தெருவில் செண்பகம் வீட்டுச் சேலையில் நடந்து வந்துகொண்டிருந்தாள். "எந்திரிக்கல" என்றாள் பிச்சம்மாள். பொன்னுதுரையைப் பார்த்து, "பாத்தாச்சா அண்ணாச்சி? ஆளிருக்கா?" என்றும் ஒரு கேள்வி போட்டுவிட்டுத்தான் நடையைக் கட்டினாள்.

அவர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். செண்பகம் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

வெளிச்சம் வந்ததும் சீனித்தாய் முழித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மாமன் மடியில் ஏறினாள். அவர் தாழ்ந்த குரலில், தங்கச்சிக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டார்.

"ஏளா சீனி, அம்மா ராத்திரி வேலைக்குப் போயிருதாளே, உனக்குப் பயமா இல்லையா?"

பிள்ளைக்குக் கேள்வியே விளங்கவில்லை. "யாரு வேலைக்குப் போறா?"

"உங்கம்மாதான்."

"எங்கம்மா வேலைக்கெல்லாம் போக மாட்டா மாமா" என்றாள் சீனித்தாய், தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "பிச்சம்மா அத்தைதான் வேலைக்குப் போறா. அம்மா எப்பவும் வீட்டுலதான் இருக்கா. அன்னைக்கு ஒரு நாளுதான் எங்கயோ போயிட்டா."

பொன்னுதுரை நிமிர்ந்து தங்கச்சியைப் பார்த்தார். அந்த ராத்திரி முழுக்க நின்ற கால் நின்றபடி இரட்டைப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்துவிட்டு வந்திருந்த செண்பகம், அடுப்பைப் பார்த்துக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தது.

"வண்டி நிக்கி. நான் ஓலைய எறக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மடியிலிருந்த கருப்பட்டிப் பொட்டலத்தைப் பிள்ளை கையில் வைத்தார். "உங்கம்மா வேலவெட்டி இல்லாதவதான். நீ நல்லாப் பாத்துக்கோ" என்றார்.