உரக்கப் படிக்கும் வீடு

விளக்கேற்றியதும் அந்த வீட்டில் படிப்பு தொடங்கிவிடும். மனசுக்குள் படிக்கும் வழக்கம் காலேஜில் எஃப்.ஏ. படிக்கும் பையன்களிடம் கிடையாது. முன்கட்டில் சிவசண்முகம் இங்கிலாந்து ராஜாக்களை வரிசையாக ஒப்பிப்பான். ஜன்னலோரம் அம்பலவாணன் கணக்குப் புத்தகத்தை வரிவரியாக வாசிப்பான். அடுக்களையில் இருக்கும் உலகம்மாளுக்கு இரண்டிலும் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் அந்தக் குரல்கள் எப்போது உயரும் என்பது தெரியும்.

அவள் புருஷன் திருஞானசம்பந்தம் அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தினால் உயரும்.

வந்த புதிதில் தற்செயல் என்றுதான் நினைத்தாள். முதல் அடி விழுந்ததும் எட்டாம் ஹென்றி தெருமுனை வரை கேட்பார். இரண்டாவது அடிக்கு அம்பலவாணனும் சேர்ந்துகொள்வான். போகப்போகப் புரிந்தது. அடுத்தவன் குடும்பத்துச் சங்கதி காதில் விழக்கூடாது, அது மரியாதை. அந்த மரியாதையை இருவரும் தொண்டை வறளக் காப்பாற்றி வந்தார்கள்.

பாளையங்கோட்டையில் மாமனார் பிடித்துக் கொடுத்த வீடு அது. மகன் ஓட்டலில் சாப்பிட்டு ஆசாரம் கெட வேண்டாம் என்று, பதினாறு வயது மருமகளைச் சமைத்துப்போடக் கூடவே அனுப்பியிருந்தார். உடன் படிக்கும் இரண்டு சைவ வீட்டுப் பையன்களும் ஊரிலிருந்து அரிசி கொண்டுவந்து போட்டு அங்கேயே தங்கிக்கொண்டார்கள்.

அடிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று முதலில் நம்பினாள். ஒருநாள் பந்தியில் சிவசண்முகம் தேங்காய்ப்பால் சொதியை வழித்துக்கொண்டே, "மைனி வைக்க சொதிக்கு எங்க தோப்பையே எழுதி வைக்கலாம்வே. சம்பந்தம் முந்தானையப் புடிச்சிக்கிட்டுத் திரியாருன்னா சும்மாவா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தமும் சிரித்தான். அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, "ஏட்டி, அவனுக்கு எதுக்கு மொதல்ல ஊத்துன?" என்றான். மறுநாள் சிவசண்முகத்துக்குக் கடைசியில் ஊற்றினாள். "நம்ம வீட்டுல உக்காந்து திங்கவன அவமானப்படுத்துதியோ?" என்று அதற்கும் விழுந்தது.

இன்னொரு நாள் வெள்ளைக்கார வாத்தியார் ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லும்வரை சம்பந்தத்தை நிற்கவைத்தாராம். வகுப்பே சிரித்ததாம். காலேஜில் வாங்கிய சிரிப்பை அவன் சிந்தாமல் வீடுவரை கொண்டுவந்தான். அதற்குப் பிறகு அவள் காரணம் தேடவில்லை. தலைப்பாகையைக் கழற்றி வைக்கும் சத்தத்திலேயே சாயங்காலம் எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டாள். தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைப்பது வழக்கம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவள் அப்பா நமச்சிவாயம் பிள்ளை வாழைத்தாரும் வெல்லமுமாக வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கிணற்றடியில் அவருக்குக் கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது சொன்னாள்.

"அப்பா, அவுக என்னைய அடிக்காக."

அவர் செம்பைக் கீழே வைத்தார். "நீ என்ன செஞ்ச?"

"தெரியல."

"காரணம் இல்லாம ஒரு மனுசன் கைய ஓங்குவானா? படிச்ச பிள்ளை. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தாள். "சொதி நல்லா இருந்துச்சு" என்றாள்.

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இலை போட்டாயிற்று. "ஆடிக்கு அனுப்பத் தோதுப்படாது, மாமா" என்றான் சம்பந்தம். "பரீட்சை வருது. இவ போயிட்டா அடுப்பு பத்தவைக்க ஆள் இல்ல."

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா. அவர் குரலில் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கதவுக்குப் பின்னால் உலகம்மாள் கேட்டுக்கொண்டு நின்றாள். இந்த வண்டி அவளில்லாமல் திரும்பினால் இனித் தீபாவளிவரை யாரும் வரமாட்டார்கள். அதுவரை தாங்குமா என்று யோசிக்கக்கூட அவளிடம் தெம்பில்லை.

மோருக்கு வந்தபோது அப்பா பையன்கள் இருவரிடமும் பேச்சுவாக்கில் கேட்டார். "பிள்ளை ஏதோ சொல்லுது. நீங்க கூடவே இருக்கிய. ஒண்ணும் இல்லல்லா?"

"யாரு, சம்பந்தமா?" சிவசண்முகம் சிரித்தான். "பசு, மாமா. கட்டிப்போடக் கயிறுகூட வேண்டாம்."

அப்பாவும் சிரித்தார். "தம்பி ஒண்ணும் பேசக் காணோமே?"

அம்பலவாணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சம்பந்தம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்க சத்தமாப் படிப்போம்" என்றான் அம்பலவாணன்.

"படிக்க பிள்ளைக அப்படித்தான் படிக்கணும்."

"இல்ல, மாமா. மைனி அழுகது கேக்கக் கூடாதுன்னு சத்தமாப் படிப்போம்."

"ஏலே அம்பலம்!" என்று சம்பந்தம் பாதி எழுந்தான்; எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். சிவசண்முகம் இலையை மடித்தான். அப்பாவின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

கிணற்றடியில் அவள் சொன்னதும் இதைத்தான். அப்போது அது பெண்பிள்ளையின் புலம்பல். இப்போது வேற்று ஆண்பிள்ளை வாயிலிருந்து வந்ததும் சாட்சியாகிவிட்டது.

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். யாரையும் வையவில்லை. "உலகு, மாத்துச் சேலைய எடுத்துக்கோ. ஆடிக்கு அழைக்கது வழக்கம், மாப்ள. நான் வழக்கத்த விடமாட்டேன்."

"ஆவணி பொறந்ததும் வந்துரணும்" என்றான் சம்பந்தம். அவர் மாடுகளைப் பூட்டப் போனார்.

வாசலில் அம்பலவாணன் ஒதுங்கி நின்றான். அவனுக்கு நன்றி சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதமும் கூடச் சேர்ந்து படித்தவன்தான்.

ஊரைத் தாண்டி வயல்கள் வந்ததும் அப்பா கேட்டார். "இவ்வளவு இருக்கே, மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே, அப்பா. கெணத்தடியில."

அவர் மாடுகளைத் தட்டிவிட்டார். வாய்க்கால் வந்தது, வாழைத்தோட்டம் வந்தது. வெகுதூரம் போன பிறகு, "ஆவணியில..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"நான் போகமாட்டேன்."

சண்டைபோடும் குரலில் சொல்லவில்லை. களைத்துப்போனவள் இதற்குமேல் நடக்க முடியாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அப்பா சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு அவள் வைக்கோலில் தலையைச் சாய்த்தாள். ஆவணிக்கு இன்னும் நாள் இருந்தது.