கூடுதலாக ஒரு கோடு

கருவியைக் கழுவித் துடைத்துவிட்டு ஓட்டியபோதும் நிறமாலையில் அந்தக் கோடு வந்து நின்றது. பேரியம் ஃப்ளோரைடை ஆவியாக்கி, ஆர்கான் வாயுவோடு உறையவைத்து, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தியிருந்தாள் அந்த ஆய்வு மாணவி. நடுவில் பேரியம், இருபுறமும் ஃப்ளோரின் என்று மூன்று அணுவும் நேர்கோட்டில் நின்றால் அந்த இடத்தில் ஒரு கோடுதான் வரவேண்டும். கூடவே, அழைக்காத விருந்தாளியாக இன்னொன்று.

குழாயை மாற்றியாயிற்று, புதுப் புட்டி திறந்தாயிற்று. பேராசிரியர் அழுக்கு என்றே முடிவுகட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் கிடையாது. பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

அடுத்த அறையில் அதே மூலக்கூறுக்குக் கணினியில் கணக்குப் போடுபவன் அவள் கணவன். அவன் கணக்கில் அது நூல் பிடித்தாற்போல் நேர். ஒருவேளை வளைந்திருக்குமோ என்று காலையில் கேட்டதற்கு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தான். கட்டிய புருஷனே இப்படியென்றால் பேராசிரியரை நொந்து என்ன பயன். நேராகப் போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"நீ போட்ட ஃபைலைத் திற. நான் பாக்கணும்."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தான். உலோகம் பேரியம்தான். அதற்குக் கீழே, கோணம் நூற்றெண்பது டிகிரி, மாறக்கூடாது என்று பூட்டியிருந்தது.

"இது மக்னீசியத்துக்குப் போட்டதுதானே?"

அவன் காதைத் தேய்த்துக்கொண்டான். "ஆமா. பேரை மட்டும் மாத்தினேன்."

மக்னீசியம் விறைத்து நிற்கும் ரகம். பேரியம் பெரிய உடம்புக்காரன். எலக்ட்ரான் குடியேறாமல் காலியாகக் கிடக்கும் அதன் டி ஆர்பிட்டல்களும் பிணைப்பில் மூக்கை நுழைத்து வளைக்கப் பார்க்கும். பூட்டை எடுத்து, கோணத்தை லேசாக அசைத்துவிட்டு ஓடவிட்டான். திரையில் இரண்டு ஃப்ளோரினும் மெல்ல ஒரே பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றன. வளைந்த மூலக்கூறென்றால் இரண்டு கோடு வந்தே தீரும். அழுக்கு இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன; பக்கத்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நீயே சொல்லு. காபி உன் கணக்கு."

பேராசிரியர் அறையின் கண்ணாடிக் கதவு வழியாக ஒன்றும் கேட்கவில்லை. அவன் இரு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டினான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இரண்டையும் கொஞ்சம் தாழ்த்தினான். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து நின்று தன் கைகளையும் நீட்டி, மெதுவாகத் தாழ்த்திப் பார்த்தார்.