மேலே போய்த் தேடு

லிஃப்டுகளுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. அவள் எழுதிய கருவிக்கு அங்கே 'சமையல்காரி' என்று செல்லப்பெயர். துண்டு துண்டாகக் கிடக்கும் நிரல்களைச் சேர்த்து, லிஃப்டில் ஏற்றத் தயாராக்கித் தரும். எதை எப்படிச் சேர்ப்பது, லிஃப்ட் எப்போது ஓடலாம் என்றெல்லாம் கான்ஃபிக் ஃபைலில் எழுதியிருக்கும். அந்த ஃபைல் இல்லாவிட்டால்? நின்றுவிடட்டும் என்றார்கள் சிலர். தொட்டதற்கெல்லாம் மூக்கால் அழும் கருவியை எவன் தொடுவான் என்று இவள் மடக்கினாள். இல்லாவிட்டால் மேல் ஃபோல்டரில் தேடும். கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் வேலையை முடிக்கும். எல்லோரும் மெச்சினார்கள். கெட்டிக்காரத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ஒரு நாள் யாரோ ஃபைலை இடம் மாற்றிவிட்டார்கள். மேல் ஃபோல்டரில் சோதனைக்காக வைத்த ஃபைல் கிடந்தது. கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடலாம் என்று அதில் இருந்தது. கருவி சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டது. அந்த லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன இருவரில் ஒருவர் நசுங்கிச் செத்தார். பிழைத்த மெக்கானிக் இவளுடைய சொந்த அண்ணன்.

வேலை சீக்கிரம் முடிய, மெக்கானிக்குகள் கதவுப் பூட்டை ஒரு ஒயரைச் சொருகி ஏமாற்றி, கதவு திறந்திருக்கும்போதே லிஃப்டை ஓட்டுவதுண்டு. அண்ணன் அந்த ஒயரைக் கழற்ற மறந்துவிட்டான் என்று கம்பெனி முடிவுகட்டியது. எத்தனையோ முறை சொருகிய கை. அண்ணனும் அதை நம்பிவிட்டான்.

கருவி எடுத்த ஃபைல் எது என்று இவள் கண்டுபிடித்து மேனேஜரிடம் ஓடினாள்.

"அந்த ஃபைலைத் தூக்கிட்டேன். இனிமே ஃபைல் இல்லேன்னா கருவி நிக்கிற மாதிரி மாத்திடு. வெளியில மூச்சு விட்டே, மொதல்ல போறது உன் வேலைதான்."

மாற்ற இரண்டே வரி போதுமாயிருந்தது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"சோத்தைத் தொடவே மாட்டேங்கறாரும்மா, நீயாச்சும் சொல்லு" என்றாள் அண்ணி.

அவள் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். அறைவான் என்று காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அவன் பொண்டாட்டி முன்னாடி போய் நின்னு, நான்தான் உன் புருஷனைக் கொன்னுட்டேன்னு சொன்னேன். மூஞ்சியில காறித் துப்பினா. வாங்கிட்டு வந்தேன்."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

"கெளம்பு. வீடு எனக்குத் தெரியும்."