சிவப்பு பெயின்ட் அடித்த கல்

டி.சி. வாங்கத்தான் போனேன். அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

என் மகள் யுவஸ்ரீ அரசுக் கல்லூரியில் ஜியாலஜி சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் முடிஞ்சிருச்சிம்மா, இதுதான் இருந்துச்சி" என்று அவள் வந்து நின்ற நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பாறையைப் பற்றிப் படிக்கிறாள் என்று சொன்னால் போதும், "ஓ, கல்லு ஒடைக்கிற படிப்பா பொற்கொடி?" என்று தெருவே சிரிக்கும். என் தம்பி ராஜேஷ்குமார் ஓசூரில் ஒரு தனியார் கல்லூரியில் பேசி, கம்ப்யூட்டர் சீட் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தான். அன்று சாயங்காலத்துக்குள் டி.சி.யோடு வந்து சேரவேண்டும்.

கல்லூரி ஆபீஸில், துறைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் டி.சி. தரமுடியாது என்றார்கள். அவரோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பர்கூரில் ஒரு கிரானைட் யார்டுக்குப் போயிருந்தார். "நாளைக்கு வாங்கம்மா" என்றார்கள். லீவு என்ன மரத்திலா காய்க்கிறது? விண்ணப்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பர்கூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

யார்டில் கற்கள் ஒவ்வொன்றும் ஓர் அறை அளவுக்கு நின்றன. துறைத் தலைவர் குருமூர்த்தி சார் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். முகம் சுண்டியதே தவிர, கோபப்படவில்லை.

"போட்டுத் தர்றம்மா. இப்ப உங்க பொண்ணு பேசற முறை. அது முடியட்டும்" என்றார்.

பிள்ளைகள் நல்ல கற்களை விட்டுவிட்டு, மூலையில் ஒதுக்கிப் போட்ட கற்களைச் சுற்றி நின்றார்கள். எல்லாவற்றிலும் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள். ஒரு புள்ளி, ஒரு கீறல் இருந்தாலும் சிவப்புத் தொட்டிக்குள் வீசிவிடுவேன். ஆக, காயலான் கடைக்குப் போகவேண்டியதைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யுவஸ்ரீ என்னைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கி ஒரு கல்லின் மேல் வீசினாள். வாங்க வருகிறவர்கள் நிறம் பார்ப்பதற்கு அப்படித்தான் செய்வார்களாம்.

அதுவரை சாம்பல் பூத்துக் கிடந்த கல் உயிர் வந்ததுபோல் ஆகிவிட்டது. பாலில் ரோஸ்மில்க் எசென்ஸை ஊற்றிக் கலக்காமல் விட்டமாதிரி சிவப்பும் வெள்ளையும் சுழித்துச் சுழித்து ஓடின. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு.

"இந்தக் கறுப்பு இருக்கறதாலதான் இத ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்று ஆரம்பித்தாள். "இந்தச் சிவப்புக் கல்லுக்கு ஏறக்குறைய இருநூத்தம்பது கோடி வருஷம் வயசு. அப்ப மரம் இல்ல, மீன் இல்ல, எலும்புன்னு ஒண்ணு இருக்கற எந்த உசுரும் இல்ல. பூமிக்கு அடியில கொழகொழன்னு உருகிக் கெடந்துச்சி. அதுக்கும் முன்னாடியே இருந்த ஒரு பாறை ஒடைஞ்சி இதுக்குள்ள விழுந்து, கரையாம தப்பிச்ச துண்டுதான் இந்தக் கறுப்பு. அன்னிக்கு இதுக்கு மேல, நம்ம கிருஷ்ணகிரி மலைய ஒண்ணுமேல ஒண்ணா அம்பது அடுக்கின மாதிரி பாறை இருந்துச்சி. அத்தனையும் மழையும் காத்தும் கரைச்சப்புறம்தான் இது வெளிய வந்துச்சி."

என்னை அறியாமல் அந்தக் கறுப்பின் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. வெட்டி எடுக்கும்வரை கோடிக்கணக்கான வருடங்களாக எந்தக் கையும் படாத ஒன்று. உடம்பெல்லாம் புல்லரித்தது, கும்பிடத் தோன்றியது, மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன். வீட்டில் தோசை வார்க்கும் மேடைகூட இந்த ஊர்க் கல்தான். அதன்மேல் எத்தனை முறை எரிச்சலோடு பாத்திரத்தை வைத்திருப்பேன்!

ஆனாலும் நான் அம்மா. "எல்லாம் சரி, வேலை?" என்று கேட்டே விட்டேன்.

பக்கத்தில் தலையில் முக்காடும் காலில் கனத்த பூட்ஸுமாக நின்ற பெண் சிரித்தாள். பெயர் தஸ்லிம். இதே துறையில் படித்து, மேற்படிப்பும் முடித்து, பெங்களூரில் சுரங்கப்பாதை தோண்டுகிற வேலையில் இருக்கிறாள். லீவில் வந்தவளை சார் அழைத்திருந்தார்.

"வேல தேடி வீட்டுக்கு வராதும்மா, அது நெசம். நானும் அலைஞ்சேன். இப்ப தெனமும் சுரங்கத்துக்குள்ள புதுசா வெட்டின பாறைய மொதல்ல பாக்கறது நான்தான். வெடிப்பு எங்க போவுது, தண்ணி எங்க கசியுதுன்னு பாத்து நான் சரின்னு சொன்னாத்தான் ஆளுங்க உள்ள போவாங்க. நிறுத்துன்னா மெஷினு நின்னுரும்."

இந்தச் சின்னப் பெண்ணின் வார்த்தையில் அத்தனை பேர் உயிர்!

சார் பேனாவைத் திறந்தார். "மனசே வரலம்மா. சேர்ற பிள்ளைங்கல்லாம் வேற எதுவும் கெடைக்காம வர்றவங்க. கம்ப்யூட்டர் சீட்ட வேணாம்னுட்டு இத கேட்டு வாங்கினது யுவஸ்ரீ ஒருத்திதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்டி, எங்கிட்ட பொய்யா சொன்ன?"

"நெசத்த சொல்லியிருந்தா விட்டிருப்பியாம்மா?"

விட்டிருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோபம் அப்படியே அழுகையாகிவிட்டது. சாரின் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டேன். அந்நேரம் பார்த்துத் தம்பியின் போன்.

"எங்கக்கா இருக்க? சீட்ட இன்னொருத்தருக்குத் தரப்போறாங்களாம்."

"தரட்டும்டா."

"என்னக்கா இது? நீதான நச்சரிச்ச? அந்தக் கல்லுல அப்படி என்ன இருக்குது?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போனை யுவஸ்ரீயிடம் நீட்டி, "உன் மாமாகிட்ட நீயே சொல்லு" என்றேன்.

ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"மாமா, அன்னிக்கு கம்ப்யூட்டர் சீட்டு இருந்துச்சி. நான்தான் வேணாம்னேன்" என்றாள். நான் பெற்ற பெண் பயமில்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.