தம்பி ஒளித்துவைத்த மூங்கில்

என் தம்பி சுதிரா கடற்கரையில் சிப்பி பொறுக்கிய அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. பெனிடா தீவிலேயே பிறந்து வளர்ந்தவன் முப்பத்தெட்டு வயதில் சிப்பி பொறுக்குவானா? நான் தேங்காய்க் கூடையோடு முன்னால் நடக்க, அவன் ஈர மணலில் குனிந்து குனிந்து பின்னால் வந்தான். நான் திரும்பினால் நிமிர்ந்துகொண்டான்.

"என்னடா தேடுற?"

"சிப்பிக்கா."

"எங்க, காட்டு."

கையில் ஒன்றுமில்லை. இளித்தான்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி சுவித்ரி ஒரு புதுத் துணியோடு வந்தாள். "அக்கா, ரெண்டு முனையையும் கையை நல்லா நீட்டிப் பிடிங்களேன்" என்றாள். பிடித்தேன். அவள் துணியைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்தாள். தன் வீட்டுச் சோற்றைத் தின்று நான் எவ்வளவு பெருத்திருக்கிறேன் என்று பார்க்கிறாள் போல.

"ஏன்டி, எடை போடுறியா?"

"ஐயோ அக்கா, உங்க வாய்க்கு ஒரு பெரிய கும்பிடு."

நான் பிறக்கும்போதே இப்படிச் சந்தேகப்பட்டவள் இல்லை. எட்டு வருஷம் புருஷனை நம்பி ஏமாந்து, ஒரே ஒரு பையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். எங்கள் பக்கம் நிலம் ஆண்பிள்ளைக்குத்தான். கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வந்தால் சோறு உண்டு, படுக்க இடமும் உண்டு. ஆனால் அதெல்லாம் தம்பி மனது வைக்கும் வரைக்கும்தான். கடலைப் பார்த்த மேட்டில் ஓர் ஓலைக் குடிசை, அதன் வாசலில் மீன் சுட்டு விற்க ஓர் அடுப்பு. இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது இவ்வளவுதான்.

அந்த மேட்டுக்குத்தான் இப்போது எல்லோரும் ஆலாய்ப் பறக்கிறார்கள். கெலிங்கிங் பாறையைப் பார்க்க வருகிற யாரும் என் வாசலில் நின்று படம் எடுக்காமல் போவதில்லை. சுதிரா அவர்களுக்கு வேன் ஓட்டுகிறான். போன வாரம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை அழைத்து வந்தான். அவர்கள் என் குடிசையைச் சுற்றிச் சுற்றி வந்து, காற்றில் கையால் ஒரு நீச்சல்குளமே வரைந்துவிட்டார்கள். நான் நிற்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. தம்பியோ சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நேற்று விடிகாலையில் ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. வெட்டு வெட்டாகக் குறி போட்ட மூங்கில் ஒன்றைத் தரையில் வைத்து வைத்து என் குடிசையைச் சுற்றி அளந்துகொண்டிருந்தான். எங்கள் தீவில் வீட்டுக்கு டேப் வைப்பதில்லை. குடியிருக்கப் போகிறவரின் முழம், பாதம், விரித்த கைகளின் அகலம் எல்லாவற்றையும் ஒரு மூங்கிலில் குறித்துக்கொள்வார்கள். கடைசியில் ஒரு விரல் அகலம் சேர்ப்பார்கள், வீட்டுக்கு உயிர் வேண்டுமே. அந்த மூங்கில் யார் அளவோ, வீடும் அவருக்குத்தான்.

ஆக, என்னைக் கிளப்பிவிட்டு இவன் ரூம் கட்டி வாடகைக்கு விடப்போகிறான். கூடப்பிறந்தவனும் இப்படியா?

இன்று காலை அவன் வேனை எடுத்துக்கொண்டு போனதும் அந்த மூங்கிலைத் தேட ஆரம்பித்தேன். நெற்களஞ்சியக் கூரைக்கு அடியில், வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்தான். கத்தியை எடுத்தேன். அவன் போட்ட முதல் குறி வரைக்கும் ஒரு முழத் துண்டை மட்டும் மிச்சம் வைத்து, மற்றதையெல்லாம் கிழித்துக் குச்சியாகச் சீவினேன். அரைத்த மீனையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து அந்தக் குச்சிகளில் பிடித்துச் சுட்டேன். மதியம் வந்த கூட்டம் அடித்துப் பிடித்துக்கொண்டு தின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்படியொரு திருப்தி.

சாயங்காலம் சுவித்ரிதான் முதலில் பார்த்தாள். அடுப்படியில் கிடந்த குச்சிகளையும் மிச்சத் துண்டையும் பார்த்து அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இது எங்க கிடைச்சுது?"

"உன் புருஷன் ஒளிச்ச இடத்துல."

வேனை நிறுத்திவிட்டு வந்த சுதிரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நாளான்னிக்கு அடிக்கல் பூஜை அக்கா. நல்ல நாளெல்லாம் குறிச்சாச்சு."

"எல்லாம் தெரியும்டா. யாருக்குக் கட்டுற? உனக்கா, அந்த வெள்ளைக்காரனுக்கா? மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. மூட்டையை நானே கட்டிக்கிறேன்."

அவன் மிச்சத் துண்டை எடுத்துத் தன் முழங்கையில் வைத்துக் காட்டினான். அவன் விரல்கள் நுனியைத் தாண்டி நீண்டன. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, என் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை வைத்தான். வைத்தது வைத்தபடி பொருந்தியது.

நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆளுங்க இந்த மேட்டைக் கேட்டுக்கிட்டே இருக்காங்கக்கா" என்றாள் சுவித்ரி. "உங்க அளவுல வீடு எழும்பிட்டா அப்புறம் எவன் வந்து கேட்டாலும், இது எங்க அக்கா வீடுன்னு இவரு சொல்லிடலாம்ல?"

"இதை என்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?" என்றான் சுதிரா. "எதுக்குத் திடீர்னு பாசம், உள்ள என்ன வச்சிருக்கன்னு நூறு கேள்வி கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன். அது எனக்கே தெரியும்.

"பாதத்தை எப்படிடா அளந்த?"

"சிப்பி பொறுக்கித்தான்."

இருட்டுவதற்குள் வேறு மூங்கிலோடு கட்டட ஆசாரியைக் கூட்டிவந்தான். கிழவர் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னார். பின்னால் மூங்கிலைப் பிடித்தார். ஒரு கையின் விரல் நுனியைத் தம்பி பிடித்துக்கொண்டான், இன்னொன்றை சுவித்ரி. அப்போதுதான் எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. மூக்கு ஒழுகியது. துடைக்கக் கையை இழுத்தேன்.

"மடக்காதக்கா, வீடு சின்னதாயிடும்" என்றான் சுதிரா.

ஒழுகட்டும் என்று, கைகளை இன்னும் நன்றாக விரித்தேன்.