வடமூலை அல்லிகள்

மூலக்குளம் பகுதியில் தன் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குட்டையின் வடமூலையை மட்டும் வாராமல் விடும்படி அரீபா கேட்டு வாங்கியிருந்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலத்துக்குக் குட்டை கண்ணாடி மாதிரி தெரிய வேண்டும். ஆகாயத்தாமரையோடு அல்லியையும் சேர்த்து மூன்று முறை வாரியாயிற்று. மூன்று முறையும் வெறுந்தண்ணீரை மூன்றே மாதத்தில் ஆகாயத்தாமரை மூடியது. இயந்திரம் அதுவரை இறங்காத வடமூலையில் மட்டும் அல்லி தப்பியது. அதன் இலைகள் நெருங்கி விரிந்திருந்த இடத்தில் ஆகாயத்தாமரை அவ்வளவு சுலபமாகப் பரவவில்லை. அதை அவள்தான் பார்த்தாள்.

"கார்த்திகை மொத ஞாயிறு வரைக்கும் டைம் தரேன். அன்னைக்கு அல்லி எல மெதக்கலன்னா அந்த மூலையிலயும் ஜேசிபி எறங்கும்" என்றார் தணிகாசலம்.

அரீபா தலையசைத்தாள். அதிகம் பேசுகிறவள் அல்ல. மீனவர்களுக்குக் கயிறும் வலையும் விற்கும் தங்கள் கடையில்கூட மடியில் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருப்பாள். கடையிலிருந்து மிதவை கோத்த கயிறு கொண்டுவந்து, கம்பம் நட்டு, மூலையை வளைத்துக் கட்டினாள். மண்ணில் பிடியில்லாத ஆகாயத்தாமரை காற்று தள்ளிய பக்கம் வரும். கயிறு அதைத் தடுக்கும்.

ஞாயிறுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மழை பிடித்தது. ஒரே பகலில் தண்ணீர் இரண்டடி ஏறியது. சேற்றில் கிழங்கு ஊன்றிய அல்லி, இலைகளோடு மூழ்கியது. ஆகாயத்தாமரையோ தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்து, மூலைக்குள் சாவகாசமாகப் புகுந்தது. கம்பத்தில் இறுக்கிக் கட்டிய கயிறு தண்ணீருக்கடியில் கிடந்தது. படகு கட்டக் கயிறு வாங்குகிறவர்களிடம், தண்ணீர் ஏறும், நெகிழ விட்டுக் கட்டுங்கள் என்று தினமும் சொல்கிறவள் அவள்.

"கயிறு விக்கிறவங்க கட்ன கட்டாம்மா இது?" தணிகாசலம் சிரித்தார்.

அவள் கடையிலிருந்து வளையங்கள் எடுத்து வந்தாள். அன்றே இறங்கி, கம்பங்களில் வளையம் மாட்டி, தண்ணீரோடு கயிறும் ஏறி இறங்கும்படி மாற்றினாள். பிறகு ஒவ்வொரு காலையும் உள்ளே புகுந்ததை வாரி வெளியே எறிந்தாள். மேலே மூடிவிட்டால் தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது. வெளிச்சம் இல்லாவிட்டால் புதுத்தண்டு எதைத் தேடி நீளும்?

ஞாயிறு காலை ஜேசிபி வந்தது. ஓட்டி வந்தவன் வெற்றிவேல்.

"எல எங்கம்மா?" என்றார் தணிகாசலம்.

"வந்துகிட்டிருக்கு சார்."

"இன்னா, வில்லியனூர் பஸ்ஸுலயா?"

அரீபா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். மார்பளவு. கையை விட்டுத் துழாவினாள். பழைய இலைகள் அடியில் கொழகொழத்திருந்தன. அவற்றுக்கு மேலே, கயிறு போல நீண்ட தண்டின் நுனியில், பீடி மாதிரி சுருண்ட புது இலை ஒன்று விரலில் தட்டியது. பக்கத்தில் இன்னொன்று.

"மேல வர நாலு வெரக்கடதான் பாக்கி."

"மெதக்கணும்னுதானேம்மா பேச்சு."

"ஞாயித்துக்கெழமன்னுதான் சொன்னீங்க. இன்னும் பொழுது சாயல."

"வெற்றிவேல், நீ எறக்குப்பா."

"அக்கா நிக்கிற எடத்துல பக்கெட்ட எறக்க முடியாது சார்." அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான்.

அவள் அங்கேயே நின்றாள். யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். யாரோ பைத்தியம் என்றார்கள். விரல்கள் வெளுத்துச் சுருங்கின. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்து, சிவந்த நுனி ஒன்று தண்ணீரைக் கீறி எழுந்து, மெல்லச் சாய்ந்து, ஓரம் பிரிந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர்மேல் படுத்தது.

தணிகாசலம் குனிந்து பார்த்தார். "ஒரே ஒரு எல."

"எத்தனைன்னு நீங்க சொல்லல சார்."

கரைக்குத் திரும்பியிருந்த வெற்றிவேல் சத்தமில்லாமல் சிரித்தான். அரீபா அப்போதும் கரையேறவில்லை. கயிற்றோரம் ஒண்டியிருந்த ஆகாயத்தாமரை ஒன்றை வேரோடு தூக்கி எறிந்தாள். அது தணிகாசலத்தின் காலடியில் விழுந்து, அவருடைய வெள்ளை வேட்டியில் சேறு தெறித்தது.